60 கிலோவை விட்டு ஏறிய கதை

குத்துச்சண்டையில் பள்ளிக்கூடக் காலம் முதல் 60 கிலோ எடைப் பிரிவில்தான் அடித்தேன், மாகாண மட்டப் பதக்கங்களும் அதிலேயேதான். 63.5-க்கு ஏறப் போகிறேன் என்றதும் கிளிநொச்சியில் கூடப் பழகுகிற பெடியள் சிரித்தார்கள். பயந்து ஓடுகிறான் என்றான் ஒருவன், எடுத்த பெயரும் கெடப்போகிறது என்றான் இன்னொருவன்.

தராசுக்குப் பயந்துதான் ஓடினேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது. எங்கள் போட்டிகளில் அன்று காலையே நிறுப்பார்கள், தொழில்முறைக்காரர்களைப் போல முதல் நாளே நிறுத்துவிட்டு இரவெல்லாம் சாப்பிட்டுத் தேற முடியாது. உப்பைக் குறைத்து, சோற்றை விட்டு, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டில் வெயிலில் ஓடி, எச்சில்கூட ஊறாத வாயோடு ஏறி நின்றால் தராசு 60 காட்டும், சரி. இரண்டாம் ரவுண்டில் கை தூக்க வராது.

எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் எடுத்த பிலிப்பைன்ஸ்காரர் மேனி பாக்கியாவோவை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அவரே 1999-இல் தாய்லாந்தில் 112 இறாத்தலுக்கு இறங்க முடியாமல் பட்டத்தைத் தராசிலேயே பறிகொடுத்து, சண்டையில் மூன்றாம் ரவுண்டில் விழுந்தவர். அப்புறம் 122 இறாத்தலுக்கு ஏறினார், 2001-இல் அங்கே பட்டம். அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரர் ரோய் ஜோன்ஸைப் பாருங்கள், 2003-இல் ஹெவிவெயிட்டுக்குப் போய் ஜோன் ருயிஸை வென்றது பெயரைத் தூக்கியது, திரும்ப 175 இறாத்தலுக்கு இறங்கிய பிறகு 2004-இல் அன்டோனியோ டார்வர் அவரை இரண்டே ரவுண்டில் சாய்த்தார். வயதும்தான் என்பார்கள், இருக்கட்டும், என் கணக்கில் அவர் பெயர் கெட்டது இறங்கியதில்தான். மிடில்வெயிட் பிரிவை விட்டு அசையாமலே பெயர் எடுத்த அமெரிக்கக்காரர் மார்வின் ஹாக்லருக்கு உடம்பு இடம் கொடுத்தது.

ஏறுவதென்றால் சும்மா தின்பதும் இல்லை. கூடுகிற நிறை வயிற்றில் நிற்கக்கூடாது, தொடையிலும் முதுகிலும் நிற்க வேண்டும் என்று மாஸ்டர் முதலே சொல்லிவிட்டார். அம்மா குரக்கன் பிட்டும் முட்டையும் உழுத்தங்களியுமாகத் தந்தார், அறுவடை நேரம் நெல் மூட்டை தூக்கியதே பாதிப் பயிற்சி. கஷ்டம் ரிங்குக்குள்தான். முன்பு என் இடது நேர்க்குத்துப் பட்டால் ஆள் நிற்பான், இங்கே அதை வாங்கிக்கொண்டே உள்ளே வந்து, கட்டிப்பிடித்து, முழுப் பாரத்தையும் என் கழுத்தில் போட்டார்கள். குத்தியதும் இடப்பக்கம் ஒரு அடி விலகிவிடப் பழகும்வரை கழுத்து நோவோடுதான் படுத்தேன்.

முதல் போட்டி புள்ளியில் போனது, ஆனால் மூன்றாம் ரவுண்டிலும் கை மேலேதான் இருந்தது. அடுத்ததில் வென்றேன். இப்போது 67-க்கும் ஏறிப் பார் என்கிறார்கள் சிலர். வயிறு நிறையச் சாப்பிட்டும் தராசு 63-ஐத் தாண்டவில்லை, நான் ஏன் ஏற வேண்டும்?