ஃப்ரீசருக்குள் ஒரு குடுவை

நவம்பர் 6
விடாத மழை. பாஸ்பரஸால் ஒளியைத் திருப்பும் பாலிமர் சங்கிலி ஒன்று செய்யப் பார்க்கிறேன். அதற்கான பாஸ்பரஸ் திரவம், பினைல் டைகுளோரோபாஸ்பீன், பாட்டிலைத் திறக்கவில்லை. காற்றில் இத்தனை ஈரம் இருந்தால் மூடியைத் திருகியதுமே வெள்ளையாகப் புகையும்.

நவம்பர் 7
திறந்தேன். ஐஸில் வைத்து மெந்தாலையும் பிரிடினையும் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசியில் தண்ணீர். புகையை இழுக்கும் ஹூட் முழுக்க அப்பாவின் தைல வாசனை. மாலையில் பாஸ்பரஸ் என்.எம்.ஆர்.: 25-ஐ ஒட்டி ஒரு கோடு, 22-ஐ ஒட்டி ஒரு கோடு. இடக்கை, வலக்கைபோல பாஸ்பரஸின் இரண்டு அமைப்புகள், சரிபாதி. எனக்கு 25 மட்டும் வேண்டும்.

நவம்பர் 8
படிகமாகட்டும் என்று ஹெக்ஸேனில் கரைத்து மைனஸ் 30-ல் வைத்தாயிற்று. அம்மா போனில், "அப்பாவுக்கு நாலு மணி மாத்திரை தள்ளிப்போச்சு, கை நிக்கவே இல்ல."

நவம்பர் 9
எண்ணெய்.

நவம்பர் 10
இன்றும் எண்ணெய்தான். பக்கத்து பெஞ்ச் அக்கா தன் பழைய படிகத்தில் ஒரு துணுக்கு தந்தார். விதையாகப் போட்டேன்.

நவம்பர் 11
தூக்கமில்லை. பாலிமர் ஒளியைத் திருப்பினால் திருப்பியது யார்? மெந்தாலுக்கே மூன்று கைரல் மையங்கள், அதாவது இடக்கை வலக்கை பேதம் தரும் அணுக்கள், உண்டு. அது ஒட்டிக்கொண்டிருக்கும்வரை சுழற்சி பாஸ்பரஸுடையது என்று எப்படிச் சொல்வேன்? அதனால் மெந்தாலைக் கழற்றிய பிறகுதான் மோனோமர், சங்கிலியில் கண்ணியாகப் போகும் மூலக்கூறு. மோனோமரோடு சங்கிலிக்குள் போகும் கைரல் மையம் பாஸ்பரஸ் மட்டுமாக இருக்க வேண்டும். அம்மோனியாவின் நைட்ரஜன் நொடிக்கு 2,000 கோடி தடவைக்கு மேல் குடைபோல உள்வெளியாகப் புரளும். பாஸ்பரஸ் அறை வெப்பத்தில் அப்படியே நிற்கும். நிற்கிறது என்பதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். அமெரிக்க வேதியியலாளர் நோல்ஸ் பாஸ்பரஸிலேயே கைரல் மையம் வைத்த லிகண்டை, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறை, ரோடியத்தோடு சேர்த்து, பார்க்கின்சன் நடுக்கத்துக்கான மருந்து எல்-டோபாவைத் தொழிற்சாலை அளவில் செய்ய வழி கண்டார், 2001-ல் நோபல். அந்த இடக்கை மூலக்கூறுதான் அப்பாவின் நாலு மணி மாத்திரையில் இருப்பது. மாத்திரை போட்டாரா என்று இப்போது கேட்க முடியாது, மணி இரண்டரை.

நவம்பர் 12
கரண்ட் போய் இரண்டு மணி நேரம். யாரும் கதவைத் திறந்துவிடாதபடி ஃப்ரீசருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 13
படிகம்! ஊசி ஊசியாக. குளிர்ந்த ஹெக்ஸேனில் கழுவி வடிகட்டினேன். 25 மட்டும். 22 இருந்த இடத்தில் வெறும் இரைச்சல்.

நவம்பர் 17
மைனஸ் 78. மெத்தில் லித்தியம் இரண்டு மடங்கு: ஒன்று ஹைட்ரஜனை எடுக்க, இன்னொன்று மெந்தாலைத் தள்ள. அப்புறம் சங்கிலியில் கோக்க உதவும் கொக்கி, வினைல்பென்சைல் குளோரைடு. கண் இன்னும் எரிகிறது.

நவம்பர் 18
கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டாவேப்பரின் வெந்நீர் 30-ஐத் தாண்டவில்லை. ஆகஸ்டில் 50-ல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பினால் சூட்டில் தானாகவே கோத்துக்கொண்டு குடுவைக்குள் ஜெல். மூன்று மாத உழைப்பு. இன்று இடத்தை விட்டு நகரவில்லை.

நவம்பர் 20
இடக்கை, வலக்கை வடிவங்களைப் பிரிக்கும் கைரல் குழாயில் 97-க்கு 3. மூன்று முறை ஓட்டினேன், அதேதான்.

நவம்பர் 21
அப்பா அழைப்பை எடுத்தார், பேசவில்லை. பின்னால் டம்ளர் விழுந்த சத்தம்.

நவம்பர் 23
டொலுயீன், சங்கிலியைத் தொடங்கிவைக்க ஒரு சிட்டிகை ஏ.ஐ.பி.என். உறையவைத்து, காற்றை இழுத்து, உருகவிட்டு, மூன்று தடவை. குழாய் 65 டிகிரி எண்ணெயில் இறங்கியபோது மணி 3.50. காலையில் சட்டைப் பொத்தானை அப்பா தானே போட்டாராம். என்.எம்.ஆரில் வினைல் கோடுகள் குறைகிறதா என்று ஆறு மணிக்கு ஒரு துளி எடுத்துப் பார்க்க— மணி நாலு.