பைப் நிரம்பினால் நின்றுவிடும்: சி மொழியில் வேறொரு புரோகிராமை இயக்கப் படிப்பவர்களுக்கு

முதுநிலைப் படிப்பின் இரண்டாம் பருவத்தில் சிஸ்டம் புரோகிராமிங் செய்முறைத் தேர்வு. மூன்று மணி நேரம். சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதி, அதற்குள்ளிருந்து வேறொரு கட்டளையை இயக்கி, அது அச்சிடும் வரிகளை வாங்கி எண்ண வேண்டும் என்பது எனக்கு வந்த கேள்வி. நாற்பது நிமிடத்தில் எழுதி முடித்தேன். ஒன்றிலிருந்து நாம் சொல்லும் எண் வரை வரிக்கு ஒன்றாக அச்சிடும் ‘சீக்’ கட்டளைக்குப் 10000 கொடுத்துப் பார்த்தேன். விடை சரியாக வந்தது. தேர்வாளர் அருகில் வந்து 10000-ஐ 20000 என்று மாற்றி என்டர் தட்டினார். திரை அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்தியும் இல்லை, விடையும் இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்த எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அந்த நேரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கிவிடும். சீக் 10000 அச்சிடுவது, வரிமுடிவுக் குறிகளையும் சேர்த்து, 48,894 பைட். இயக்கப்படும் புரோகிராம் (சேய்) அச்சிடுவதை, அதை இயக்கும் புரோகிராமிடம் (தாய்) கொண்டுவரும் குழாய்தான் பைப். லினக்ஸில் அது வழக்கமாகத் தாங்குவது 65,536 பைட். எனவே எல்லாம் உள்ளே அடங்கிவிட்டது. 20000 என்றால் 1,08,894 பைட். பைப் நிரம்பியதும் சேய் புரோகிராம் எழுத இடமில்லாமல் நிற்கிறது. தாய் புரோகிராமோ சேய் முடியட்டும் என்று வெயிட்-பிஐடி என்ற காத்திருக்கும் அழைப்பில் நிற்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் முதலில் காத்திருந்தேன், பிறகு படித்தேன். செய்ய வேண்டியது நேர்மாறாக: பைப்பைக் கடைசி பைட் வரை படித்துவிட வேண்டும், அதன் பிறகே வெயிட்-பிஐடியை அழைக்க வேண்டும். பாடக்குறிப்புகளில் வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஒரே ஒரு வாழ்த்து வரியை அனுப்பி முடிந்துவிடுவதால் இந்தத் தவறு வெளியே தெரிவதில்லை. பயிற்சியின்போது எப்போதும் ஒரு லட்சம் எண்களைக் கொடுத்தே சோதியுங்கள்.

வரிசையைத் திருத்திய பிறகும் என் புரோகிராம் நின்றது. இம்முறை படிப்பதிலேயே. இங்கேதான் தாளும் பென்சிலும் கைகொடுத்தன. இரண்டு கட்டம் வரைந்து, ஒன்றில் தாய், மற்றொன்றில் சேய் என்று எழுதுங்கள். பைப் உருவாக்கியதும் பெரும்பாலும் 3, 4 என்ற இரண்டு எண்கள் கிடைக்கும். 3 படிக்கும் முனை, 4 எழுதும் முனை. தாயை நகலெடுத்துச் சேயை உருவாக்கும் ஃபோர்க் நடந்ததும் இரண்டு கட்டத்திலும் 3, 4 இருக்கும், ஆக நான்கு முனைகள் திறந்திருக்கின்றன. சேயில் 3-ஐ அடியுங்கள், அதாவது நிரலில் அந்த முனையை மூடுங்கள். டூப்2 என்ற அழைப்பின் மூலம் 4-ஐ, வழக்கமான வெளியீடான 1-இன் இடத்தில் வைத்துவிட்டு 4-ஐயும் அடியுங்கள். தாயில் 4-ஐ அடியுங்கள். நான் மறந்தது இந்தக் கடைசி அடித்தலைத்தான். எழுதும் முனை ஒன்றாவது திறந்திருக்கும்வரை படிப்பவருக்கு ‘முடிந்தது’ என்ற செய்தி வராது. அந்த ஒன்று தாயின் கையிலேயே இருந்தாலும் இதே கதிதான். இந்தப் படத்தை மூன்று முறை பார்க்காமல் வரைந்தால் கை மறக்காது. சேயின் பிழை வெளியீட்டையும் தனியாக வாங்கச் சொன்னால் இரண்டாவது பைப் வேண்டும். அப்போது ஒன்றைப் படித்து முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போகக் கூடாது, பழைய முட்டுக்கட்டையே திரும்பி வரும். ‘போல்’ (poll) என்ற அழைப்பைக் கொண்டு எதில் தரவு இருக்கிறதோ அதைப் படிக்க வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி, சேயில் புதிய கட்டளையை ஏற்றி ஓட்டும் எக்ஸெக் தோற்றால் என்ன ஆகும் என்பது. வெற்றி பெற்றால் அது திரும்பி வராது. தோற்றால் அடுத்த வரி ஓடும், அதுவும் சேயில். அங்கே நிறுத்தாவிட்டால் தாயின் மிச்ச நிரலை இரண்டு பேர் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஆகவே எக்ஸெக்குக்கு அடுத்த வரியிலேயே 127 என்ற எண்ணுடன் வெளியேற வேண்டும். கட்டளை கிடைக்காவிட்டால், நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் தருகிற எண் அது. வெளியேறும்போது சாதாரண எக்ஸிட் வேண்டாம், அடிக்கோடு முன்னிட்ட எக்ஸிட்டே வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். பிரிண்ட்எஃப் எழுதி இன்னும் வெளியே போகாத எழுத்துகள் ஃபோர்க்கின்போது சேய்க்கும் நகலாகிவிடுகின்றன. சாதாரண எக்ஸிட் அவற்றை வெளியே தள்ளும், ஒரே வரி இரண்டு முறை வந்து விழும்.

ஒரு கட்டளை வரியை அப்படியே இயக்கித் தரும் சிஸ்டம் என்ற அழைப்பைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். அது ஷெல்லின் வழியாகப் போகிறது, எனவே பயனர் தரும் கோப்புப் பெயரை அதில் ஒட்டினால், பெயருக்குள் இருக்கும் ஓர் அரைப்புள்ளியே புதிய கட்டளையாகிவிடும். அது திருப்பித் தரும் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. சேய் 3 என்று முடிந்தால் லினக்ஸில் 768 வரும், அதற்குரிய மேக்ரோவால் பிரித்தெடுக்க வேண்டும். விண்டோஸில் நேரடியாக 3.

அடுத்த ஆண்டுத் திட்டப்பணி லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓட வேண்டியிருந்தது. விண்டோஸில் ஃபோர்க் இல்லை, பத்து அளவுருக்கள் கொண்ட கிரியேட்-பிராசஸ் இருக்கிறது. பத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம், பாதிக்குமேல் வெற்றாகவே விடலாம். முனைகளை மூடும் ஒழுங்கும், படித்த பிறகே காத்திருப்பதும் அங்கேயும் அப்படியே செல்லும். என்னை உண்மையில் அலைக்கழித்தது வேறொன்று. லினக்ஸில் ஆர்குமென்ட்களை, அதாவது கட்டளையோடு சேர்த்துத் தரும் சொற்களை, தனித்தனியாக ஒரு பட்டியலாகக் கொடுக்கிறோம். விண்டோஸில் எல்லாவற்றையும் ஒரே நீண்ட வரியாகக் கோத்துக் கொடுக்கிறோம், அதைத் திரும்பப் பிரிப்பது சேயின் வேலை. இடைவெளி உள்ள பெயருக்கு இரட்டை மேற்கோள் போட வேண்டும். பெயருக்குள்ளேயே மேற்கோள் இருந்தால் அதன் முன் பின்சாய்கோடு. பெயர் பின்சாய்கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டை இரட்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடும் மேற்கோளை அது விழுங்கிவிடும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிரியேட்-பிராசஸுக்கு ஏ, டபிள்யூ என்று இரண்டு வடிவங்கள்: ஏ பழைய எழுத்துத் தொகுப்புகளுக்கு, டபிள்யூ யூனிகோடுக்கு. தமிழுக்கென்று விண்டோஸில் பழைய எட்டு பிட் எழுத்துத் தொகுப்பு கிடையாது, எனவே வழக்கமான அமைப்பில் ஏ வடிவத்தின் வழியே தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகவே போய்ச் சேரும். டபிள்யூ வடிவத்தையே பயன்படுத்துங்கள். அதற்குத் தரும் கட்டளை வரியை மாற்றத்தக்க ஓர் அரேயில் வையுங்கள். அழைப்பு அந்த நினைவிடத்தில் எழுதக்கூடும், மேற்கோளுக்குள் எழுதிய நிலையான சரத்தைக் கொடுத்தால் புரோகிராம் அங்கேயே விழலாம்.

திட்டப்பணிக்கு ஜிலிப், லிப்யுவி போன்ற நூலகங்கள் இதையெல்லாம் செய்து தருகின்றன, தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் போகிறவர்கள் ஒரு முறையாவது கையால் எழுதிப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு நான் வைத்திருந்த சோதனை இது. தனக்கு வந்த ஒவ்வோர் ஆர்குமென்ட்டையும் சதுர அடைப்புக்குள் வரிக்கு ஒன்றாக அச்சிடும் பத்து வரிப் புரோகிராம் ஒன்றை எழுதுங்கள். அதற்கு ஐந்து ஆர்குமென்ட்களை அனுப்புங்கள்: இடைவெளியுள்ள பெயர், நடுவில் இரட்டை மேற்கோள் உள்ள பெயர், பின்சாய்கோட்டில் முடியும் பாதை, ஒரு தமிழ்ப் பெயர், எழுத்தே இல்லாத வெற்றுச் சரம். லினக்ஸில் ஐந்தும் முதல் முறையே வந்துவிடும். விண்டோஸில் எனக்கு நான்கு வரிகள்தான் வந்தன. இடைவெளி இருந்தால் மட்டும் மேற்கோள் போடு என்று எழுதியிருந்தேன். வெற்றுச் சரத்தில் இடைவெளியும் இல்லை, எதுவும் இல்லை, எனவே அது கட்டளை வரியில் தடமில்லாமல் மறைந்துபோயிற்று. நீளம் சுழியம் என்றாலும் மேற்கோள் போடு என்று நிபந்தனையை மாற்றியதும், ஐந்தாவது வரியில் வெறும் அடைப்பு மட்டும் வந்து நின்றது.