அன்னா ஹம்மிங்பேர்ட் ஃபீடர்: ஏழு வாட் பல்பால் உறையாமல் நின்ற சர்க்கரைத் தண்ணீர்

பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் ஃபீடர் உறையாமல் இருக்க நான் செய்து பார்த்த மூன்றாவது அமைப்பு கைகொடுத்துவிட்டது! சியாட்டிலில் இரவு மைனஸ் 5 டிகிரி. விடியும்போது தட்டில் ஐஸ் ஒரு பொட்டுகூட இல்லை.

கலிஃபோர்னியாவின் சப்பரால் புதர்க்காட்டுப் பறவை அன்னா ஹம்மிங்பேர்ட். தோட்டப் பூக்களையும் ஃபீடர்களையும் பிடித்துக்கொண்டே வான்கூவர் வரை பரவி, குளிர்காலத்திலும் இங்கேயே தங்கிவிடுகிறது. நாலைந்து கிராம் உடம்பு. கடுங்குளிர் இரவில் உடல் சூட்டை இறக்கி மரத்துப்போய்க் கிடந்துவிட்டு, வெளுத்ததும் நேராகத் தீனிக்கு வரும். அந்த நேரத்தில் ஃபீடர் கட்டியாகக் கிடக்கக் கூடாது.

ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்த கலவை பூஜ்ஜியத்துக்கு ஒரு டிகிரி கீழே போனாலே உறையத் தொடங்கும். ஒன்றுக்கு மூன்றாக்கினால் அரை டிகிரிதான் லாபம். அதை நம்பிப் பயனில்லை. சூடுதான் வழி.

பாட்டில் ஃபீடருக்கு அடியில் பல்ப் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து சர்க்கரைத் தண்ணீரைத் துளைவழியே தள்ளும், சொட்டிக்கொண்டே இருக்கும். தட்டு ஃபீடரில் அந்தத் தொல்லை கிடையாது. காலி காப்பி டின்னுக்குள் ஏழு வாட் இழை பல்ப், சுற்றிலும் அலுமினியத் தாள், மேலே தட்டு. பல்புக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளிதான் உயிர்நாடி. ஒரு அங்குலத்தில் பிளாஸ்டிக் இளகிக் குழிந்தது, மூன்றில் ஓரத் துளைகள் உறைந்தன. இரண்டு சரியாக வந்தது. தட்டின் அடியைத் தொட்டால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும், சுடக் கூடாது. சுட்டால் தண்ணீர் சீக்கிரம் புளித்துவிடும்.

எல்இடி பல்ப் உதவாது, போதிய சூடு வராது. இழை பல்ப் என்று போட்டு எல்இடியை அனுப்பிய கடையும் உண்டு, அதனால் கண்ணாடிக்குள் எல்இடியின் மஞ்சள் பட்டை இல்லாமல் மெல்லிய உலோக இழை தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். உப்பு விளக்குக்கு விற்கும் சின்ன பல்ப் நன்றாகப் பொருந்துகிறது. 35 ஃபாரன்ஹீட்டில் (சுமார் 2 செல்சியஸ்) எரிந்து 45-ல் (சுமார் 7 செல்சியஸ்) அணையும் தெர்மோஸ்டாட் பிளக் போட்டால் இரவில் எழுந்து பார்க்க வேண்டாம்.

அடுத்து மஹோனியா 'சாரிட்டி' என்ற புதர்ச்செடியை நட வேண்டும். நவம்பரிலிருந்தே மஞ்சள் கொத்தாகப் பூக்கும். வெறும் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் இந்தப் பறவைக்குப் போதாது, பூவுக்கு வரும் குட்டிப் பூச்சிகளும் வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. பனி உருகி ஒயர் வழியே வழிந்து பல்ப் ஹோல்டருக்குள் இறங்குகிறது, மின்சாரம் ட்ரிப் ஆகிறது. ஒயரை டின்னுக்குக் கீழே தொங்கும் வளைவாக விட்டு, டின் அடியில் வடிகால் துளை போட வேண்டும்.