பென்டியம்-2 மடிக்கணினி ஒன்றைச் சீர்செய்து மேம்படுத்திய அனுபவம்

நான் எடுத்துக்கொண்டது 1999ஆம் ஆண்டில் தயாரான, மொபைல் பென்டியம்-2 செயலியும் செயலியை நினைவகத்தோடும் பிற பாகங்களோடும் இணைக்கும் இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட்டும் கொண்ட ஒரு மடிக்கணினி. பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு ஒரு கணம் மின்னி அணையும். அதற்குமேல் எதுவும் நடக்காது. இத்தகைய கருவி கையில் கிடைத்தால் ராமைக் கூட்டலாமா, வன்வட்டை மாற்றலாமா என்றுதான் மனம் ஓடுகிறது. ஆனால் மின்சாரம் சீராக வராத தாய்ப்பலகையில் புதிய பாகங்களைச் செருகினால், பழுது எங்கே இருக்கிறது என்ற கேள்வி மேலும் சிக்கலாகும். ஆகவே மேம்படுத்தும் எண்ணத்தைத் தள்ளிவைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரிலிருந்து தொடங்கினேன்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது அடாப்டர், தன்மேல் அச்சிட்டிருந்தபடியே 16 வோல்ட் காட்டியது. சுமையில்லாமல் எடுக்கும் இந்த அளவீட்டை நம்பி அடாப்டருக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் வறண்டுபோன அடாப்டரும் சும்மா இருக்கும்போது சரியான மின்னழுத்தத்தையே காட்டும். மின்னோட்டம் இழுக்கப்படும்போதுதான் அது சரியும். எனவே 10 ஓம் மதிப்பும் 50 வாட் தாங்குதிறனும் உள்ள மின்தடை ஒன்றைச் சுமையாக இணைத்தேன். அதன் வழியாக ஏறத்தாழ 1.6 ஆம்பியர் ஓட வேண்டும். 25 வாட்டுக்குச் சற்று மேல் வெப்பமாக வெளியேறும் என்பதால் மின்தடையை வெறும் கையால் தொடலாகாது. அந்தச் சுமையில் மின்னழுத்தம் 11 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. அதே மின்னழுத்தமும் அதே துருவ அமைப்பும், குறையாத ஆம்பியர் அளவும் கொண்ட வேறோர் அடாப்டரை இணைத்ததும் விசிறி சுழன்றது, வன்வட்டு முனகியது, திரை மட்டும் இருண்டே கிடந்தது.

இருண்ட திரையின்மீது டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மங்கலாக எழுத்துகள் தெரிந்தன. அப்படியென்றால் தாய்ப்பலகையும் எல்சிடி திரையும் வேலை செய்கின்றன, பின்னொளி மட்டுமே இல்லை. அக்காலத் திரைகளில் பின்னொளி தருவது மெல்லிய குளிர்முனைக் குழல்விளக்கு. அதற்குத் தேவையான பல நூறு வோல்ட் மின்சாரத்தை இன்வெர்ட்டர் என்னும் சிறு பலகை உண்டாக்குகிறது. விளக்கு தேய்ந்திருந்தால் முதலில் இளஞ்சிவப்பாக எரிந்து பிறகு அணைவதுண்டு. இங்கே அந்தச் சாயல்கூட இல்லாததால் இன்வெர்ட்டரைச் சந்தேகித்தேன். அடாப்டரைப் பிடுங்கிவிட்டுச் சோதித்ததில் அதிலிருந்த சிறு ஃபியூஸ் அறுந்திருந்தது. ஃபியூஸ் காரணமில்லாமல் அறுவதில்லை என்பதால் அதை மட்டும் மாற்றாமல், அதே மாதிரியைச் சேர்ந்த உடைந்த கருவியிலிருந்து எடுத்த முழு இன்வெர்ட்டரையே பொருத்தினேன். குழல்விளக்கில் பாதரசம் உண்டு. திரையைப் பிரிப்பவர்கள் அதை வளைக்காமல் கையாள வேண்டும்.

திரை ஒளிர்ந்ததும், தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை என்ற செய்தி ஒவ்வொரு முறையும் வந்து நின்றது. கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புகளைக் காக்கும் சிறு மின்கலம் செத்துப்போனதன் அடையாளம் இது. பழைய மடிக்கணினிகளில் நான் மிகவும் அஞ்சுவது இந்த மின்கலத்தைத்தான். நாணய வடிவ லித்தியம் மின்கலமாக இருந்தால் மாற்றிவிட்டு நகரலாம். இதிலோ பலகையோடு பற்றவைத்த, மறுமின்னேற்றம் செய்யத்தக்க நிக்கல் மின்கலத் தொகுப்பு இருந்தது. அதிலிருந்து கசிந்த காரம் அருகிலிருந்த செப்புப் பாதைகளைப் பச்சையாக அரிக்கத் தொடங்கியிருந்தது. மின்கலத்தை அகற்றி, பஞ்சுக்குச்சியில் சில துளி வினிகர் தொட்டுக் காரத்தை முறித்து, வாலை வடிநீரால் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்தேன். அதன் இடத்தில் சிஆர்2032 மின்கலத்தை நேரடியாகப் பற்றவைப்பது ஆபத்து: பலகை அதற்கும் மின்னேற்ற முயலும், அந்த மின்கலமோ மின்னேற்றம் தாங்காமல் வெடிக்கவும் கூடும். எனவே மின்னோட்டம் மின்கலத்திலிருந்து பலகைக்கு மட்டுமே செல்லும்படி, மின்னழுத்த இழப்பு குறைந்த ஷாட்கி டையோடு ஒன்றை இடையில் சேர்த்தேன்.

மேம்பாட்டுக்குள் நுழையுமுன், பழைய வன்வட்டைக் கழற்றி யுஎஸ்பி மாற்றி வழியாக வேறொரு கணினியில் இணைத்து, குனூ டிடிரெஸ்க்யூ கொண்டு முழுப் படியெடுத்தேன். நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான பகுதிகளுக்குப் பிறகு திரும்பிவருவது அந்த மென்பொருளின் வழி. சாகும் தறுவாயில் உள்ள வட்டுக்கு அதுவே ஏற்றது. அந்த மடிக்கணினிக்கே உரிய டிரைவர் கோப்புகள், அதாவது அதன் பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்கள், பழைய வட்டில் இருந்தன. ராமையும் வட்டையும் எங்கும் வாங்கலாம். அந்தக் கோப்புகளைத் தேடுவதுதான் கடினம்.

ராம் வாங்கும்போது கொள்ளளவை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். 440பிஎக்ஸ், ராம் தகட்டிலுள்ள சில்லு ஒன்றுக்கு 128 மெகாபிட் (16 மெகாபைட்) வரையே அறியும். 256 மெகாபைட் தகடு 16 சில்லுகளால் ஆனதாக இருந்தால் முழுதாகத் தெரியும். 8 சில்லுகளால் ஆனதாக இருந்தால் பாதிதான் தெரியும். நான் 8 சில்லுகள் கொண்ட 128 மெகாபைட் தகடுகள் இரண்டைப் போட்டு 256 மெகாபைட்டோடு நிறுத்திக்கொண்டேன். விண்டோஸ் 98 இயங்க அது தாராளம். 512 மெகாபைட்டைத் தாண்டினால் வட்டுத் தற்காலிகச் சேமிப்பின் அளவைக் கையால் கட்டுப்படுத்தாவிட்டால் அந்த இயங்குதளம் தடுமாறவும் செய்யும்.

வேகத்தில் கண்கூடான மாற்றத்தைத் தந்தது வட்டுதான். வன்வட்டுக்குப் பதிலாக, கேமராக்களில் பயன்பட்ட காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவக அட்டையைப் பொருத்தினேன். இவ்வகை அட்டைகள், அக்கால வன்வட்டுகளின் இணைப்பு முறையான ஐடிஇ முறையிலேயே பேசக்கூடியவை என்பதால், இடையில் மாற்றுச் சில்லு எதுவும் இல்லாத எளிய அடாப்டர் போதும். அக்காலப் பயாஸ்கள் சில 8.4 ஜிகாபைட்டிலும், சில 32 ஜிகாபைட்டை ஒட்டியும் தடுக்கி நிற்கும். 16 ஜிகாபைட் அட்டையை இந்தப் பயாஸ் மறுப்பின்றி ஏற்றது. 44 ஊசி இணைப்பில் 5 வோல்ட் மின்சாரமும் சேர்ந்தே வருகிறது. ஒரு வரிசை தள்ளிச் செருகினாலும் அட்டை கருகிவிடும் என்பதால், 20ஆம் ஊசி இல்லாத இடத்தைப் பார்த்துத் திசையை உறுதிசெய்துகொண்டேன். செயலியின் தலையீடின்றி வட்டுத் தரவை நினைவகத்துக்கு நேரடியாக அனுப்பும் டிஎம்ஏ வசதியை இயக்கியபோது விண்டோஸ் தொடக்கத்திலேயே உறைந்தது. மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் அதற்கான இரு தடங்களும் இணைக்கப்பட்டிருப்பதில்லை. அதை அணைத்துவிட்டேன். அப்போதும் பழைய வட்டைவிட வேகம் கூடுதலே. கோப்பைத் தேடித் தலை அலையும் தாமதம் இல்லை அல்லவா!

பேட்டரியைப் புதுப்பிக்க முயலவில்லை. செல்களை மாற்றினாலும் பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு பழைய பழுதை நினைவில் வைத்து மின்னேற்ற மறுப்பது உண்டு. லித்தியம் செல்களை வீட்டில் பற்றவைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சியது உறக்கநிலை. இந்தக் கருவியில் நினைவகத்தை வட்டில் எழுதி அணைக்கும் பொறுப்பு விண்டோஸிடம் இல்லை, பயாஸிடம் இருக்கிறது. அதற்கென்று வட்டில் தனிப் பிரிவு ஒன்று தேவை. ராமும் திரை நினைவகமும் சேர்ந்த அளவைவிட அந்தப் பிரிவு பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே புதிய அட்டையில் விண்டோஸை நிறுவுமுன் டாஸில் இருந்தபடி, பயாஸ் தயாரிப்பாளர் தந்த பிஎச்டிஸ்க் கருவியால் 280 மெகாபைட் ஒதுக்கி, மிச்ச இடத்தை விண்டோஸ் 98 பயன்படுத்தும் ஃபேட்32 கோப்பு முறைக்கு வடிவமைத்தேன். இப்போது பேட்டரி இல்லாமலேயே விசையை அழுத்தி, எழுதி முடிக்கும்வரை பொறுத்து, அடாப்டரைப் பிடுங்கிவிட முடிகிறது; மறுபடி இணைத்துப் பொத்தானை அழுத்தினால், திறந்து வைத்திருந்த கோப்பு விட்ட வரியிலேயே வந்து நிற்கிறது.