களிக்கு எந்த ஒயின்?

மே 10, 2025, சனி

அடுத்த ஞாயிறு அக்காவும் மாமாவும் கிருஷ்ணகிரி வருகிறார்கள், மூன்று வருடம் கழித்து. "ஓசூர்ல ஹோட்டல்ல இருந்தவன்தானே நீ, சாப்பாட்டுக்கு ஏத்த ஒயினை நீயே பாத்து வை மாப்ளே" என்று ஜெர்மனியிலிருந்து மாமா போனில் சொல்லிவிட்டார்.

சாப்பாடு முடிவாகிவிட்டது. முதலில் டேம் மீன் வறுவல், அப்புறம் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும், கடைசியில் மாம்பழம். ஹோட்டலில் படித்த வரிசை இன்னும் நினைவிருக்கிறது: லேசான ஒயின் முன்னால், கனமானது பின்னால், இனிப்பானது கடைசி. மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு. அந்தக் கடைசி விதியில்தான் எனக்குச் சந்தேகம். நம் குழம்பில் நாக்குக்கு முதலில் தெரிவது கறியா, மசாலாவா?

மே 13, செவ்வாய்

அம்மாவைக் கோழிக் குழம்பு வைக்கச் சொல்லி, ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்றைத் திறந்தேன். வெறும் வாயில் முதல் மடக்கு அருமை. கருப்புத் திராட்சை, கொஞ்சம் மிளகு வாசனை. ஒரு வாய் குழம்புக்குப் பிறகு இரண்டாவது மடக்கு குடித்தேன், நாக்கு எரிந்தது. பழம் எங்கேயோ போய்விட்டது. பச்சைப் பாக்கை மென்றது போல ஈறெல்லாம் பிடித்துக்கொண்டது.

டானின் என்று ஒயின்காரர்கள் சொல்வதற்கு நம்மிடம் துவர்ப்பு என்ற நல்ல சொல் இருக்கிறது. சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோடும் விதையோடும் நொதிக்க விடுவதால் அந்தத் துவர்ப்பு இறங்குகிறது. கொழுப்புள்ள கறிக்கு அது சுகம். மிளகாய்க்கு மேல் விழுந்தால் காரத்தைக் கூட்டிவிடும். இந்த பாட்டிலில் ஆல்கஹால் 14 சதவீதம், அதுவும் சேர்ந்து எரித்தது.

என் தவறும் உண்டு. சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். அறைச் சூட்டில் பரிமாறுங்கள் என்பது குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. மே மாதத்தில் எங்கள் அலமாரி அப்படியா இருக்கும்? அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்துத் திரும்பக் குடித்தேன். தேவலை, ஆனாலும் குழம்புக்கு ஆகவில்லை.

மே 15, வியாழன்

அணைப் பக்கம் போய் ஜிலேபி மீன் வாங்கி வந்து வறுத்தோம். இதற்கு நாசிக்கில் செய்த புரூட், அதாவது இனிப்பில்லாத நுரை ஒயின், நன்றாகக் குளிரவைத்தது. கச்சிதம்! எண்ணெயை அதன் புளிப்பும் குமிழியும் வழித்தெடுக்க, அடுத்த துண்டுக்கு வாய் புதிதாகிவிடுகிறது. எலுமிச்சை பிழிகிறோமே, அதே வேலை.

குழம்புக்குத்தான் விடை இல்லை. புலம்பிக்கொண்டிருந்தபோது அம்மா, "களிய யாருடா மெல்லுவா? முழுங்கறதுதானே" என்றார். சொன்னது சரிதான். களி குழம்பில் புரண்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். வாயில் தங்குவது காரமும் மல்லியும் வறுத்த தேங்காயும்தான். அப்படியானால் அந்தக் காரத்துக்குத்தான் ஒயின் தேட வேண்டும்: ஆல்கஹால் குறைவு, துவர்ப்பு இல்லை, கொஞ்சம் இனிப்பு, நல்ல புளிப்பு. ரீஸ்லிங்! அந்த வெள்ளை ஒயினுக்கான திராட்சை மாமா இருக்கும் ஜெர்மனியிலேயே விளைகிறது. உடனே செய்தி அனுப்பினேன்.

மே 18, ஞாயிறு, இரவு

மாமா கொண்டுவந்தது ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங், கபினெட் என்ற லேசான வகை. ஆல்கஹால் 8.5 சதவீதம்தான். அக்கா களியில் குழி பறித்துக் குழம்பை ஊற்றி, ஒரு உருண்டை விழுங்கி, ஒரு மடக்கு குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, கையை நீட்டி இன்னும் குழம்பு கேட்டாள். காரம் அப்படியே இருந்தது, எரிச்சல் மட்டும் அடங்கியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மிளகாயால் இல்லை.

மாம்பழத்தில் சறுக்கினேன். கொடியிலேயே பழுக்கவிட்டுப் பறித்த திராட்சையில் செய்த செனின் பிளாங்க் என்ற இனிப்பு வெள்ளை ஒயின் வைத்திருந்தேன். அல்போன்சா அதைவிட இனிப்பு, அதனால் ஒயின் வெறும் புளிப்பாகிவிட்டது. பழத்தைவிட ஒயின் இனிக்க வேண்டும் என்று தெரிந்தும் பழத்தை முன்பே சுவைத்துப் பார்க்கவில்லை. கூடையில் இன்னும் சரியாகக் கனியாத செந்தூரா இருந்தது. அதை நறுக்கினோம். அதன் லேசான புளிப்போடு ஒயின் தேனாக இறங்கியது.

ரீஸ்லிங்கில் இரண்டு டம்ளர் மிச்சம். மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். நாளை அம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கிறார்.