அம்மாவின் மளிகைச் சீட்டும் என் ஸ்கிராப்புக்கும்

பழைய தாள்களையும் டிக்கெட்டுகளையும் ஒட்டி, பக்கத்தில் ஒரு வரி நினைவு எழுதிவைக்கும் என் ஸ்கிராப்புக்கில் மளிகைப் பக்கங்களை ஒருவழியாக முடித்துவிட்டேன். இதுவரை செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான்.

அம்மா எங்களோடு மும்பை மாட்டுங்காவில் இருந்தபோது, கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் மளிகை லிஸ்ட் எழுதுவாள். மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே து.பருப்பு 1 கி, உ.பருப்பு ½ கி என்று வரிசையாக வரும். ‘கட்டிப் பெருங்காயம், பவுடர் வேண்டாம்’ என்பதற்கு மட்டும் இரண்டு கோடு. வீட்டைக் காலி செய்யும்போது இப்படி ஒரு கட்டுத் தாள் கிடைத்தது. லிஸ்டைத் திருப்பினால் தேதி, ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் அச்சில் இருக்கிறது. ஐப்பசித் தாளில் கடலை மாவு 2 கிலோ என்றால் அது தீபாவளி. மார்கழிக் கடைசியில் பாசிப்பருப்பும் வெல்லமும் கூடினால் பொங்கல். ஒரு சாதாரண வாரத்தில் சேமியாவும் சர்க்கரையும் இரட்டிப்பாகியிருக்கிறது. யார் வந்தார்கள் என்று இப்போது திருச்சியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “உங்க பெரியப்பா வந்திருந்தாரே, மறந்துட்டியா? ஏண்டி, இதையெல்லாமா ஒட்டுவாங்க?” என்றாள். பெரியப்பா கதை அரை மணி நேரம் ஓடியது. அதிலிருந்து ஒரே வரியை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் எழுதினேன்.

சிக்கல் என்னவென்றால், தாளின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். முழுக்கப் பசை தடவினால் தேதி போய்விடும். ஆகவே டிரேஸிங் பேப்பரைச் சிறு பட்டையாக வெட்டி, ஓரத்தில் மட்டும் கீல் மாதிரி ஒட்டினேன். கதவைத் திறப்பதுபோல் திருப்பிப் பார்க்கலாம். பசைக்கு மைதாக் கஞ்சிதான். தண்ணீர் தொட்டால் இளகிவிடும் என்பதால் பின்னால் பிரித்தெடுக்க வசதி. ஆனால் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. அதனால் மிக மெல்லியதாகத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஃபைலில் போடுகிறேன். செல்லோ டேப் பக்கமே போகவில்லை. நாலைந்து வருடத்தில் மஞ்சளாகித் தாளிலும் கறை ஏற்றிவிடும்.

அடுத்தது பஸ் டிக்கெட். மும்பையின் பழைய சிவப்பு டபுள் டெக்கர் 2023 செப்டம்பர் 15-ஆம் தேதியோடு நின்றது. அதற்குச் சில நாள் முன்பு மகளோடு மாடியில் முன் சீட்டில் போன டிக்கெட் என்னிடம் இருக்கிறது. மெஷினில் வரும் அந்தச் சீட்டு தெர்மல் தாள். சூட்டில் எழுத்து தோன்றும் ரகம், காலம் போகப்போகத் தானே மங்கிவிடும். இப்போதே பாதி போய்விட்டது. ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டி, அசலை அதன் பின்னால் ஒரு உறையில் செருகி வைத்தேன். ‘டிரைவர் தலைக்கு மேல நாம உட்கார்ந்திருக்கோம்’ என்று மகள் சொன்னதை அவள் கையாலேயே எழுதச் சொன்னேன். கோணல்மாணலாக எழுதியிருக்கிறாள். அப்படியே விட்டுவிட்டேன்.

அலங்காரம் பற்றி: ஸ்டேஷனரி கடைகள் நிறைந்த மும்பை அப்துல் ரஹ்மான் தெருவுக்குப் போனால் பூப்போட்ட தாளும் வண்ண டேப்பும் மலிவாகக் குவிந்து கிடக்கும். நானும் வாங்குகிறேன், பொய் சொல்வானேன். ஆனால் எனக்கு ருசிப்பது எழுதும் அந்த ஒரு வரிதான். எதை விடுவது, எதை எழுதுவது என்று பேனாவோடு உட்கார்ந்திருக்கும் ஞாயிறு மதியங்களுக்காகவே இந்த வேலையைச் செய்கிறேன். ஸ்டிக்கர் இல்லாத பக்கத்தை எடுத்துத் திரும்பப் படிக்கிறேன். ஸ்டிக்கர் மட்டும் உள்ளதைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறேன்.

மார்க் ட்வைன் 1873-இல் ஒரு ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கினார். பக்கங்களில் முன்பே பசை பூசியிருக்கும், ஈரம் தொட்டு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். மும்பை ஜூலையில் அதற்குத் தண்ணீரே தேவைப்படாது, புத்தகமே ஒரு கட்டியாகிவிடும்! என் ஃபைல் மழைக்காலம் முழுக்க சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஏர்டைட் டப்பாவில் இருக்கும்.

மழைக்கு முன் கல்யாணப் பத்திரிகைகளை முடிக்க வேண்டும். மூலையில் மஞ்சள் தடவியவற்றை எதிர்ப்பக்கத்தில் கறை படாமல் எப்படி வைப்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு நடுவில் ஒரு பட்டர் பேப்பர்.