ஆர்க்கிடெக்சர் சீட்டுக்கு நடுவில் ஒரு ஓபிசி சர்டிபிகேட்

பி.ஆர்க் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ பேப்பர் 2ஏ எழுதி என்ஐடி, எஸ்பிஏ (மத்திய அரசின் ஆர்க்கிடெக்சர் கல்லூரி) பக்கம் போக நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு இது. பரீட்சைக்கு வழி சொல்ல ஊருக்கு நாலு கோச்சிங் சென்டர் உண்டு. ஓபிசி-என்சிஎல் சான்றிதழ், அதாவது கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோருக்கான மத்திய அரசுச் சான்றிதழ் வாங்க வழி சொல்லத்தான் ஆள் இல்லை.

பரீட்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கு 100 மார்க், ஆப்டிட்யூட் 200, டிராயிங் 100. டிராயிங் மட்டும்தான் பேப்பரில். வாட்டர் கலர் கூடாது. கலர் பென்சில், ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் நம்முடையது. சிவப்பு பென்சிலின் முனை இரண்டு தடவை முறிந்தபோதுதான் ஷார்ப்பனரின் அருமை தெரிந்தது. நல்ல ஷார்ப்பனராக வாங்கிக்கொள்ளுங்கள், பத்து ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி சான்றிதழ். நம்மிடம் இருக்கும் நிரந்தர சாதிச் சான்றிதழ் மாநில கவுன்சலிங்குக்குப் போதும். என்ஐடி, எஸ்பிஏ சீட்டுகளை ஒதுக்கும் மத்திய கவுன்சலிங்கான ஜோசாவில் அது செல்லாது. மத்திய அரசு படிவத்தில், அந்த வருடம் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு தேதியிட்டது வேண்டும். இதை முதலில் விஏஓவுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. "அதான் பிசி சர்டிபிகேட் இருக்குதல்ல பாப்பா, அதையே குடுத்தாப் போதும்" என்றார். ஆனாலும் நல்ல மனுஷன், அன்றைக்கே மேலே அனுப்பிவிட்டார்.

தாலுகா ஆபீஸில்தான் சிக்கியது. ஓபிசியிலேயே வசதியானவர்கள் என்று ஒதுக்கீட்டிலிருந்து விலக்குவதுதான் கிரீமி லேயர்; அதன் வருட வருமான வரம்பு 8 லட்சம். அப்பா மாநில அரசில் குரூப் சி ஊழியர். இப்படிப்பட்ட வீட்டில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கிருந்த கிளார்க் செல்போன் கால்குலேட்டரைத் தட்டி, அப்பாவின் சம்பளத்தோடு எங்கள் மஞ்சள் காட்டு வருமானத்தையும் கூட்டி, எட்டைத் தாண்டுகிறது என்று நிராகரித்துவிட்டார். அப்பா பொறுமையாகக் கேட்டார். அதற்கு வந்த பதில்: "சம்பளம் வருமானம் இல்லாம பின்ன என்னங்க?"

அப்பாவும் அரசு ஊழியர்தான். அவரை வெளி பெஞ்சில் உட்காரவைத்து, "சாப்பாட்டு நேரம் முடியட்டும்" என்று சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்தும் கூப்பிடவில்லை. அந்த நாள் அப்படியே வீணாய்ப் போனது.

எங்களுக்கு வழிவிட்டது அந்தச் சான்றிதழின் படிவமேதான். அதிலேயே 8.9.1993 தேதியிட்ட மத்திய அரசு ஆணையின் எண் அச்சாகியிருக்கும். அப்பா அந்த ஆணையையும் இணைப்பு அட்டவணையையும் பிரிண்ட் எடுத்து, சம்பளம், விவசாயம் என்று வரும் வரிகளை மஞ்சள் மார்க்கரால் கோடிட்டார். அடுத்த முறை கிளார்க்கிடம் நிற்காமல் நேரே துணை வட்டாட்சியரிடம் கொடுத்தார். அந்த அம்மா நின்றபடியே இரண்டு பக்கமும் படித்துவிட்டு, கிளார்க்கைக் கூப்பிட்டு, "இதை நீங்க படிச்சதே இல்லையா?" என்றார். அவ்வளவுதான். மறுபடி இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் புதிதாக விண்ணப்பித்தோம். இந்த முறை தடங்கல் இல்லை. கையில் வந்தபோது ஜோசாவில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங் நடந்துகொண்டிருந்தது.

முதலில் விஜயவாடா எஸ்பிஏ கிடைத்தது. ஃப்ளோட் கொடுத்தேன், அதாவது இந்த சீட்டை வைத்துக்கொண்டே மேலே விரும்பிய கல்லூரிக்குக் காத்திருப்பது. அங்கேயும் ஒரு கண்டம். பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்த அண்ணன் சான்றிதழின் அடிப்பகுதியை வெட்டிவிட்டார், க்யூஆர் கோடு பாதிதான் தெரிந்தது. வெரிஃபிகேஷனில் கேள்வி எழுப்பினார்கள். கெடுவுக்குள் பதில் போடாவிட்டால் சீட்டே போய்விடும். எஸ்எம்எஸ்ஸை நம்பி இருக்காதீர்கள், கட்டணம் கட்டிய பிறகு போர்ட்டலைக் காலையும் மாலையும் திறந்து பாருங்கள். நான் அப்படிப் பார்த்ததால் அன்றே சரியான ஸ்கேனை ஏற்ற முடிந்தது. அடுத்த சுற்றில் திருச்சி என்ஐடி வந்தது, சொந்த மாநிலத்தவருக்கான ஹோம் ஸ்டேட் கோட்டாவில்.

அப்பா மஞ்சள் கோடிட்ட அந்தப் பக்கங்களை அவர் ஆபீஸில் இரண்டு பேர் ஜெராக்ஸ் எடுத்துப் போயிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இப்போது ப்ளஸ் டூ. ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார், ஜெராக்ஸையும் கையோடு கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்.